வலது பின் காம்பு

மார்ச் 2

அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சுருக்கம். மச்சக்காரிக்கு நான்கு நாளாக மடி இறங்கிக்கொண்டிருக்கிறது. தலையீற்றுக்கு நாள் நெருங்கிவிட்டது. மூன்று காம்புகள் எண்ணெய் தடவியது போல மினுமினுத்து விறைப்பாக நிற்கின்றன. வலது பின் காம்பில் மட்டும் தோல் சுருங்கிக் கிடக்கிறது. அதற்கு மேலே மடியை அழுத்திப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கை பட்டால் சூடாக, கனமாக இருக்கிறது. அந்த மூலையில் மட்டும் ஒன்றும் இல்லை.

மச்சக்காரி யார் என்று கேட்பாய். உன் நோட்டில் அவள் நான்காம் எண். மூன்று மாதக் கன்றுகளாக இருந்தபோது நீ வலது பக்கக் காம்பு இரண்டிலும் மருந்து ஏற்றி, இடது பக்கம் இரண்டையும் சும்மா விட்டு வைத்தாயே, அந்த ஆறு பேரில் ஒருத்தி. பெயர் வைக்காதே, வைத்தால் பாசம் வந்து பார்க்கிற கண் மாறிவிடும் என்று நீ அப்போதே சொன்னாய். நான் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தேன்.

நீ சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மடிக்குள் ஸ்டெம் செல் என்று கொஞ்சம் அணுக்கள் இருக்கும், மற்ற அணுக்கள் எல்லாம் பால் கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோகும், இவை மட்டும் விதைக்கு எடுத்து வைத்தது போல ஒதுங்கி இருந்து புது அணுக்களைத் தந்துகொண்டே இருக்கும் என்றாய். கன்றாக இருக்கும்போதே அவற்றைப் பெருக்கிவிட்டால் பெரியவளானதும் மடி நிறையும் என்றாய். எனக்குப் பள்ளிக்கூடத்தில் புரிந்ததைவிட அது நன்றாகப் புரிந்தது.

நம் பண்ணையின் பெரிய டாக்டர் நேற்று வந்து மச்சக்காரியின் பின்னால் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். பால் கறக்கிற அண்ணன்தான், “விடுங்க, மூணு சக்கரத்துல ஆட்டோ ஓடலையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நீ போய் ஒரு வருடமும் பத்து மாதமும் ஆகின்றன. அந்தக் காம்பு வீங்கிச் சீழ் வைத்தபோது பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், “உங்க அக்கா மருந்து ஏத்துற குழாயைக் கொதிக்க வெச்சாளா, இல்லையா?” என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கொதிக்க வைத்தாய். ஒவ்வொரு தடவையும் வைத்தாய். அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்ததே நான்தான். அன்றைக்குச் சொல்லாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டு ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. போனில் என்றால் நான் “ம்” மட்டும்தான் சொல்வேன், உனக்கே தெரியும்.

அம்மா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்.

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 11

எலி,

உன் கையெழுத்து மாறவே இல்லை. எல்லா எழுத்தும் கோட்டை விட்டு ஒதுங்கி நிற்கின்றன.

மன்னிப்பெல்லாம் பிறகு. கோபம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஊரெல்லாம் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் உண்மை தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் நீ ஓடி வந்து சொல்வாய் என்று ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். மழை பெய்தது, பக்கத்தில் இருந்த பெரியவர் திட்டினார்.

உன் கடிதம் வந்த அதே வாரத்தில் பெரிய டாக்டரின் கடிதமும் வந்தது. மருந்து போட்ட பக்கத்தில்தான் காம்பு செத்திருக்கிறது, ஆறு கிடாரிகளில் முதலில் ஈனப்போகிறவளே இப்படி, காரணத்தை நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறார். இருபத்தைந்தாம் தேதிக்குள் நான் இங்கிருந்து அனுப்பிவிட வேண்டும்.

எனக்கு இரண்டே வழி. மருந்துதான் மடியைக் கெடுத்தது என்று எழுதினால் அந்த வேலை அங்கேயே முடிந்தது. ஆறு கிடாரிகளையும் கழித்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள், எங்கே என்று உனக்குத் தெரியும். என் கையில்தான் தப்பு, சுத்தமில்லாத குழாயைப் போட்டேன் என்று எழுதினால் மருந்து பிழைக்கும், கிடாரிகள் பிழைக்கும். நான் இனி ஒரு மாட்டின் மேல் கை வைக்க முடியாது. ஜூனில் இங்கே எனக்கு இதே சோதனைக்குப் பன்னிரண்டு கன்றுகள் தருவதாக இருந்தார்கள். அது போகும்.

இங்கே எனக்கு மாடே கிடையாது. கண்ணாடித் தட்டில் மடியின் அணுக்களை வளர்க்கிறேன். கதவைத் திறந்தால் சாணி வாசனை வராத இடத்தில் மாட்டு வேலை பார்ப்பது என்ன வேலையோ. காலையில் தட்டை எடுத்து “என்னடி, எழுந்தாச்சா?” என்று கேட்கிறேன். பக்கத்து மேசைக்காரி என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாள்.

என் கைதான் காரணம் என்று எழுதப்போகிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து நாள், பதினைந்து தடவை ஏற்றினேன். பதினான்கு தடவையும் கொதிக்க வைத்தது கண்முன்னால் நிற்கிறது. பதிமூன்றாவது தடவை மட்டும் கலங்கலாக இருக்கிறது. குழாய் கை நழுவித் தரையில் பட்டதோ என்று. பட்டிருக்கலாம். வேறு எப்படி ஒரே ஒரு காம்பில் நோய் வரும்? வேறு வழியே இல்லை, எலி. மருந்து காரணமென்றால் முன் காம்பிலும் வந்திருக்க வேண்டும்.

கன்று பிறந்தால் எழுது. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

கையெழுத்துப் போடாதே. இதை முதலில் படி, மற்றதெல்லாம் பிறகு.

பதிமூன்றாவது தடவை குழாய் கீழே விழவில்லை. அப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். நீ என்னை “விளக்கை ஆட்டாதே, நீ என்ன ரயிலுக்கா காட்டுறே?” என்று திட்டினாய். குழாய் உன் கையிலேயே இருந்தது.

வேறு வழி இருந்தது. அது நான்.

சப்பியை ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாம் எண். பாலை நிறுத்தின பிறகு அவள் கம்பியைச் சப்புவாள், சங்கிலியைச் சப்புவாள், என் சட்டை நுனியைச் சப்புவாள். மருந்து ஏற்றி முடித்து ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு கன்றும் தனித்தனி அடைப்பில் இருக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது என்று நீ பலகையில் எழுதி மாட்டினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லோரும் சாப்பிடப் போவீர்கள். நான் கொட்டகையிலேயே சாப்பிடுவேன். அப்போதெல்லாம் சப்பி கத்திக்கொண்டே இருப்பாள். அடுத்த அடைப்பில் மச்சக்காரி கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு அவளையே பார்ப்பாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாய் திறக்காமல் அப்படியே உட்கார்ந்து, மறுநாள் போகாமல் நின்றவள். எனக்கு அந்தக் கழுத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு அடைப்புக்கும் நடுவில் இருந்த கதவின் கொக்கியை எடுத்துவிட்டேன். இரண்டும் ஒட்டிப் படுத்தன. சப்பி கத்துவதை நிறுத்தினாள். இரண்டு மணிக்கு முன்னால் பிரித்துக் கொக்கியைப் போட்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மச்சக்காரியின் வலது பின் காம்பைச் சுற்றி முடி நனைந்து குச்சி குச்சியாக ஒட்டியிருந்தது. நக்கிவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் நேரிலேயே பார்த்தேன். சப்பி மடிக்குள் தலையை முட்டி அந்த ஒரு காம்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். மச்சக்காரி காலைக்கூட உதறவில்லை. சுகமாக நின்றாள். நான் பிரித்துவிட்டேன், தட்டினேன். அடுத்த நாள் மறுபடி கதவைத் திறந்தேன். தட்டினதில் விட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொத்தம் பதினெட்டு நாள்.

பதினெட்டாம் நாள் காம்பு சூடாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஓடி வந்தேன். நீங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நின்றதும் நீ, “வாங்க மேடம்! இன்னைக்கு எத்தனை வார்த்தை? ஒண்ணா, ரெண்டா?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் “ஒண்ணுமில்லக்கா” என்றேன். நீ ஒரு விரலைத் தூக்கி, “ஒண்ணு! எழுதி வெச்சுக்கங்கப்பா” என்றாய். நான் திரும்பிப் போய்க் கொக்கியைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு திறக்கவில்லை. இரண்டு நாளில் சீழ் வைத்தது.

பெரிய டாக்டர் கேட்டபோது, கொதிக்க வைத்தாள் என்று சொன்னால் அடுத்தது “அப்போ எப்படி?” என்று கேட்பார். அதனால் முதல் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக டீ அறையைப் பற்றி எழுதவில்லை. எங்கே சொல்ல வந்தேன், எங்கே திரும்பினேன் என்று சொல்லாமல் விட்டால் முழுதாகச் சொன்னதாகாது என்பதால் எழுதினேன்.

மச்சக்காரி ஏழாம் தேதி ஈன்றாள். பெண் கன்று. வலது பின் காம்பில் சீம்பால்கூட ஒரு சொட்டு வரவில்லை.

கையெழுத்துப் போடாதே.

தங்கை

மார்ச் 26

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. பெரிய டாக்டருக்கு என் கடிதம் நேற்று முன்தினமே விரைவுத் தபாலில் போய்விட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிமூன்றாவது தடவை குழாய் தரையில் விழுந்தது, நான் அதைத் துடைத்துவிட்டு அப்படியே உபயோகித்தேன் என்று எழுதினேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக நினைத்து நினைத்து அது விழுந்த சத்தம்கூடக் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சத்தியம் செய்திருக்கிறேன். நீ நடந்த ஒன்றை வாயில் அடக்கி வைத்துக்கொண்டிருந்தாய். நல்ல அக்கா, நல்ல தங்கை.

கடிதத்தில் பதினேழு என்று தேதி போட்டிருக்கிறாய். உறையில் தபால் முத்திரை இருபத்தொன்று. அந்த நான்கு நாளும் அது எங்கே இருந்தது, எலி?

இதற்கு மேல் இன்று எழுதினால் கிழித்துப்போட வேண்டி வரும்.

மார்ச் 28

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

இன்று காலை இங்கே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் போனில் சொல்லிவிட்டாராம். ஜூன் கன்றுகளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் நல்ல பையன். குழாயை எப்படிக் கொதிக்க வைப்பது என்று என்னிடம்தான் வந்து கேட்டான். சொல்லிக் கொடுத்தேன்.

டீ அறையில் நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அப்படி ஒரு நாள் இருந்ததே ஞாபகம் இல்லை. ஆனால் படித்தவுடன் அது என் குரல்தான் என்று தெரிந்தது. விரலைத் தூக்கினேன் என்றாயே, நான் அப்படித்தான் தூக்குவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் “இது எங்க எலி, சத்தம் வராது” என்று உன்னைக் காட்டிச் சொல்லிச் சிரித்தவள் நான். நீ அடைப்புக் கதவைத் திறந்தாய். நீ வந்து சொல்ல முடியாதபடி அடைத்தது நான். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஏன் சேர்க்கக் கூடாது என்று உனக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம். பாலை மறந்த கன்று கிடைத்ததையெல்லாம் சப்பும், காம்பின் வாய் திறந்துகொள்ளும், கிருமி உள்ளே போகும். ஒரு வரிதான். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

நான் பெரிய டாக்டருக்கு எழுதினால் தங்கையைப் பலிகொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார். அதனால் எழுத மாட்டேன். நீ சொல்ல வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். சொன்னால் உன்னைக் கன்றுக் கொட்டகையில் வைத்திருக்க மாட்டார்கள். உனக்குப் பேச்சு வருகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். கோபம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். கோபம் இருக்கிறது. ஆனாலும் நீ எழுது.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

அந்த நான்கு நாளும் கடிதம் தீவனப் பெட்டிக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்து உறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பதினேழாம் தேதியே போட்டிருந்தால் உனக்கு இருபத்திரண்டில் வந்திருக்கும். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டி வரும்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலையிலேயே பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். அதற்கு முன்னால் கன்றுகளிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பால் கறக்கிற அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னம்மா, கன்னுக்குட்டிகளுக்கு வக்கீலா நிக்கிறியா?” என்றார்.

“எனக்கே வக்கீல் வேணும்ண்ணே” என்றேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடம் நான் சேர்ந்தாற்போல மூன்று வார்த்தை பேசினது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் தலையைத் தூக்காமல், “என்னம்மா? எழுதி மேசையில வெச்சிட்டுப் போ” என்றார்.

“பேச வந்தேங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை குரல் போய்விட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். கொக்கி, பதினெட்டு நாள், நனைந்த முடி, விளக்கு, குழாய் எல்லாம் சொன்னேன். டீ அறையை மட்டும் சொல்லவில்லை. அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க அக்கா சொல்லச் சொன்னாளா?” என்றார்.

“இல்லைங்க சார். கேக்க மாட்டேன்னுதான் எழுதியிருக்கா.”

“ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொன்னா நான் எப்படிம்மா நம்புறது? கூடப் பிறந்தவளுக்காக யார் வேணும்னாலும் பழியை ஏத்துக்கலாமே.”

சட்டென்று, “வந்து பாருங்க சார்” என்றேன். என்னத்தைப் பார்ப்பது என்று எனக்கே அப்போது தெரியாது. நடக்கும்போதுதான் யோசித்தேன்.

வழியில் இன்னொன்றும் சொன்னேன். மச்சக்காரி ஈன்ற நாளிலிருந்து அண்ணனிடம் செம்புகளை நீட்டி, சைகையிலேயே கெஞ்சி, ஒவ்வொரு காம்பையும் தனித்தனிச் செம்பில் கறக்க வைத்து எழுதி வருகிறேன். இடது முன் காம்பில் ஒரு செம்பு வந்தால், வலது முன் காம்பில் ஒன்றரை வருகிறது. நீ மருந்து ஏற்றி, சப்பி வாய் வைக்காத காம்பு அது. “இந்த ஒரு காம்பு மட்டும் தனி மாடு மாதிரி கறக்குதும்மா” என்று அண்ணனே சொல்கிறார். ஒரு மாட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பாய். பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன் என்றார். என்ன எழுதுவார் என்று சொல்லவில்லை. ஜூன் கன்றுகளைத் திருப்பித் தர அவரால் முடியாது, அதையும் சொன்னார். மற்ற ஐந்து பேரையும் ஈனும்வரை வைத்திருப்பார்கள். எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து கேன் கழுவுகிற இடத்தில் வேலை. கன்றுக் கொட்டகைக்குள் நான் போகக் கூடாது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா, “அவ ஜன்னல் சீட்டுல நனைஞ்சுகிட்டே போனாளாடி?” என்று மட்டும் கேட்டாள். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கோபிக்காதே.

கொட்டகையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சப்பிக்கு இப்போது சினை ஏழு மாதம் தாண்டிவிட்டது, மே மாதம் ஈனுவாள். அந்த நாளுக்குப் பிறகு அவளும் மச்சக்காரியும் வேறு வேறு வரிசை. சேரவே இல்லை. அவளை ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்து அடைப்பில் விட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் மச்சக்காரி. இரண்டும் பெரிய மாடுகளாகிவிட்டன. ஒன்றையொன்று அடையாளம் தெரியுமா என்றே எனக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டர் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அண்ணனும் வந்து நின்றார், ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

நான் கொக்கியை எடுத்தேன்.

சப்பி உடனே போகவில்லை. சங்கிலியைச் சப்பிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக நடந்தாள். மச்சக்காரியின் முகத்தை முகர்ந்தாள், விலாவை உரசிக்கொண்டே பின்னால் போனாள். மூன்று காம்புகள் பாலோடு அவள் மூக்குக்கு நேரே இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு கழுத்தை வளைத்து, அந்தச் சுருங்கின வலது பின் காம்பை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடினாள். மச்சக்காரி காலைக்கூட உதறவில்லை.

பெரிய டாக்டர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

நான் உள்ளே போய் சப்பியை இழுத்துப் பிரித்தேன். காம்பைச் சுத்தத் துணியால் துடைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

தங்கை